வரவேணும் எண்டில்லை

மகன்,

போன ஞாயிற்றுக்கிழமை, சிட்னியில் லிட்கம் பக்கத்தில் தனியாக ஒரு அறை எடுத்துவிட்டதாக நீ சொன்னபோது நான் பேசாமல் இருந்தது இணைப்புக் கெட்டதால் அல்ல. "அப்பா, கேக்குதோ?" என்று திரும்பத் திரும்பக் கேட்டாய். நன்றாகவே கேட்டது. அம்மாவைப் பற்றிச் சுதா சொல்வதை இனிமேல் கேட்டுக்கொண்டிருக்க உன்னால் முடியாது என்று நீ சொன்னதும் கேட்டது. செத்துப்போன ஒருத்தியின் மானத்துக்காக உயிரோடு இருக்கும் மனைவியையும் பிள்ளையையும் விட்டு வெளியே வந்திருக்கிறாய். அந்த மானத்தில் ஒரு கீறலும் விழுந்திருக்கத் தேவையில்லை. அதை உனக்குச் சொல்லவேண்டிய ஆள் நான்தான். எனக்குச் சுற்றி வளைக்காமல் ஒன்றும் சொல்ல வராது என்பது உனக்குத் தெரியும். அதனால் சொல்லவேண்டியதை முதலில் சொல்லிவிட்டுப் பிறகு சுற்றி வளைக்கிறேன். அன்றைக்கு அம்மா உன்னை மெல்பேர்ணுக்கு வரச் சொல்லவில்லை.

இதை வானொலியில் சொல்ல முடியாது. அங்கே யாரும் கேட்கலாம், கேட்கவும் வேண்டும், அதுதான் அதன் மரியாதை. தொலைபேசியிலும் முடியாது. நீயும் நானும் தொலைபேசியில் ஒரு விஷயத்தையாவது ஒழுங்காகப் பேசி முடித்திருக்கிறோமா? நீ சிட்னிக்கு வேலைக்குப் போகிறேன் என்ற காலத்தில், நான் சொல்வதற்குள் நீயும் நீ சொல்வதற்குள் நானும் நுழைந்து, கடைசியில் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் கத்திக்கொண்டிருப்போம். அம்மா குசினிக்குள் இருந்து வந்து என் கையிலிருந்து ரிசீவரை வாங்கி, "வை ராசா, அப்பா பிறகு எடுப்பார்" என்று வைத்துவிடுவார். பிறகு நான் எடுத்ததே இல்லை. அப்படியே ஒரு வருடத்துக்கு மேல் போனது. நம்மை மறுபடியும் பேசவைத்தது அறிவுரையும் அல்ல, பாசமும் அல்ல. ஒரு ஆள் பேசும்போது மற்ற ஆள் பேசவே முடியாத ஒரு கருவிதான்.

உனக்கு ரோவில் என்ற இடத்தில் இருந்த நம் பழைய வீட்டின் அன்ரெனாக் கம்பம் நினைவிருக்கும். எண்பதுகளின் நடுவில் இந்த நாட்டுக்கு வந்து, தொழிற்சாலையில் கொஞ்சம் நிலைகொண்டதும் நான் செய்த முதல் வேலை, வீட்டிலிருந்தே வானலையில் ஊர் ஊராகப் பேச லைசென்ஸ் தரும் அமெச்சூர் வானொலிப் பரீட்சை எழுதியது. இரண்டாவது வேலை, வீடு வாங்கிய கையோடு பின்வளவில் அந்தக் கம்பத்தை நட்டது. வேலையில் என் ஆங்கிலத்தை ஒருவரும் விளங்கிக்கொள்ளவில்லை. வானொலியில் பின்லாந்துக்காரனும் பிரேசில்காரனும் அதே ஆங்கிலத்தை விளங்கிக்கொண்டு, குரல் தெளிவாக இருக்கிறது என்று பாராட்டினார்கள். அம்மா அதற்குப் பெயரே வைத்திருந்தார். என் சக்களத்தி என்பார். யாராவது வீட்டுக்கு வந்து என்னை விசாரித்தால், "அவர் பின்னால சின்ன வீட்டில நிக்கிறார்" என்பார். வந்தவர்கள் திகைத்துப்போவார்கள். கம்பத்தை இழுத்துக் கட்டிய கம்பியில் துணி காயப்போடுவதும் அவர்தான். நான் கத்தினால், இவ்வளவு பெரிய கம்பம் ஒரு சட்டையைத் தாங்காதா என்று கேட்பார்.

அம்மாவின் இதயம் பலவீனமாகிவிட்டது என்று டொக்டர்கள் சொன்ன பிறகு அந்த வீட்டை விற்றோம். படிகள் ஏற முடியவில்லை, ஆஸ்பத்திரியும் தூரம். நோபல் பார்க்கில் இந்தச் சின்ன யூனிட்டுக்கு வந்தபோது, கட்டிடக் குழுக்காரர்கள் கூரையில் ஒரு தடிகூட வைக்கக்கூடாது என்று சொல்லிவிட்டார்கள். கம்பத்தைக் கழற்றிக்கொண்டு போனவன் நன்றி சொல்லிவிட்டுப் போனான். நான் உள்ளே வந்து படுத்துவிட்டேன். அன்று அம்மா என்னைப் பார்த்து ஒரு பகிடியும் விடவில்லை. அதிலிருந்தே நான் எவ்வளவு மோசமாக இருந்தேன் என்று விளங்கியது.

அப்போதுதான் நீ வந்தாய். அம்மா கூப்பிட்டுத்தான் வந்தாய் என்பதும் எனக்குத் தெரியும். ஒரு கணினி, ஒரு மேசை மைக், காதுக்கு ஒரு ஹெட்போன். இணையம் வழியாக வானொலி நிலையங்களைக் கோத்துவிடும் அந்த மென்பொருளை ஏற்றிவிட்டு, இனி வானலை தேவையில்லை, இங்கிருந்தே எந்த ஊர் நிலையத்திலும் பேசலாம் என்றாய். நான் சிரித்தேன். இது வானொலி இல்லை, வேஷம் போட்ட டெலிபோன் என்றேன். காற்றில் போகாத குரலுக்கு அழைப்புக்குறி எதற்கு என்றும் கேட்டேன். நீ வழமைபோலச் சண்டைக்கு வரவில்லை. நீயும் பல்கலைக்கழகக் காலத்திலேயே லைசென்ஸ் எடுத்துவைத்திருந்ததை, என்னிடம் சொல்லாமலே வைத்திருந்ததை, அன்றைக்குத்தான் சொன்னாய். நான் கழிப்பறைக்குப் போவதுபோல் எழுந்து போய்க் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வந்தேன். அழுதேன் என்று இப்போது எழுதுவதில் எனக்கு வெட்கமில்லை.

அதன்பிறகு ஒவ்வொரு ஞாயிறு காலையும் நாம் இணைப்பில் சந்தித்தோம். சிட்னியில் ஓபர்னிலிருந்து ஹனிபாவும் வருவார். கல்முனைக்காரர், வியாபாரத்தைப் பிள்ளைகளிடம் விட்டுவிட்டு என்னைப்போலவே அன்ரெனா இல்லாத வீட்டில் ஓய்வெடுப்பவர். தமிழில் பேசிப் பழகியபோதுதான் எனக்கு ஒரு விஷயம் பிடிபட்டது. பொத்தானை அழுத்திப் பிடித்திருக்கும்வரைதான் குரல் போகும். அழுத்தியவுடன் பேசத் தொடங்கினால் முதல் சொல் போகாது. பேசி முடித்தவுடன் விட்டுவிட்டால் கடைசிச் சொல் போகாது. இது எல்லா வானொலிக்காரருக்கும் தெரிந்ததுதான். ஆனால் ஆங்கிலக்காரனுக்குக் கடைசிச் சொல் போனால் பெரிய நட்டமில்லை, அவன் 'இல்லை'யை முன்னுக்கே சொல்லிவிடுகிறான். நமக்கு எல்லாமே வாலில் இருக்கிறது. வருவதும் வராததும், விருப்பமும் விருப்பமின்மையும், நான் சொன்னதா இன்னொருவன் சொன்னதா என்பதும் கடைசியில்தான் தெரியும். ஒருநாள் ஹனிபா, "எனக்கு இப்ப சீனி வருத்தம்" என்றதோடு வெட்டுப்பட்டு, நாங்கள் இரண்டு பேரும் அவருக்கு ஆறுதல் சொல்லி, பாகற்காய்ச் சாறு குடிக்கச் சொல்லி முடித்த பிறகுதான், "இல்லை எண்டு சொல்லிட்டாங்க" என்பது போய்ச் சேரவில்லை என்று தெரிந்தது. அன்று முதல் நான் வாலைப் பிடித்துக்கொண்டேன். "வாலை விடாதேங்கோ" என்று ஒவ்வொரு கிழமையும் சொல்லுவேன். நீயும் ஹனிபாவும் என்னை வால்மாமா என்று பகிடி பண்ணினீர்கள். நான் பேசி முடித்து ஒரு மூச்சு விட்டுத்தான் கையை எடுப்பேன். அது என் விரலுக்கே பழகிவிட்டது. இதை ஏன் சொல்கிறேன் என்றால், பின்னால் நான் எழுதப்போவதைத் தவறுதலாக நடந்தது என்று நீ எனக்காக ஒரு சாட்டுச் சொல்லக்கூடாது.

அம்மாவிடம் லைசென்ஸ் இல்லை. நான் பக்கத்தில் இருந்து பொத்தானைப் பிடித்துக்கொண்டால் அவர் பேசலாம், அதுதான் சட்டம். ஆகவே அவர் கதிரையை என் கதிரைக்கு அருகில் இழுத்துப்போட்டு, மைக்கைத் தன் பக்கம் திருப்பிவைத்துக்கொள்வார். நான் ஸ்பேஸ் பாரை அழுத்திப் பிடிப்பேன். விட்டால் உன் குரல் ஹெட்போனில் எனக்கு மட்டும் கேட்கும். பக்கத்து யூனிட்டுக்குச் சத்தம் போகக்கூடாது என்பதால் நான் ஸ்பீக்கர் வைக்கவில்லை. நீ சொன்னதை நான் அம்மாவிடம் திருப்பிச் சொல்லுவேன். யோசித்துப் பார். அம்மாவின் குரல் உன்னிடம் போவதற்கும் உன் குரல் அம்மாவிடம் வருவதற்கும் நடுவில் நான் மட்டுமே இருந்தேன். அதைப்பற்றி அம்மாவுக்கு ஒரு கவலையும் இருந்ததில்லை. முப்பது வருடத்துக்கு மேல் கூட வாழ்ந்த மனிதனை நம்பாமல் வேறு யாரை நம்புவது?

சுதா வந்த பிறகு அம்மா வானொலிக்கு வருவதே அவளோடு பேசத்தான். அவளும் உன் பக்கத்தில் வந்து இருப்பாள். திருச்சித் தமிழும் யாழ்ப்பாணத் தமிழும் வானொலியில் மோதினால் எப்படி இருக்கும் என்று அப்போதுதான் தெரிந்தது. "என்னோட கதைக்க மாட்டியோ" என்று அம்மா கேட்டதற்கு, "அத்தை, எனக்குக் கதையெல்லாம் சொல்ல வராது" என்றாள் அவள். அதை நான் திருப்பிச் சொன்னதும் அம்மா சிரித்துச் சிரித்து மூச்சு வாங்கி, நான் ஹெட்போனைக் கழற்றிவிட்டுத் தண்ணீர் கொடுக்கவேண்டி வந்தது. அவள் பிள்ளைத்தாச்சி என்று தெரிந்ததும் அம்மா கதிரையைக் குசினிக்குள் போட்டு இருந்தபடியே சரக்குத்தூள் வறுத்தார். பிள்ளை பெற்றவளுக்குப் பத்தியக் கறி வைக்க அது இல்லாமல் முடியாது என்றார். அவளின் அம்மா திருச்சியிலிருந்து வர விசா கிடைத்துவிட்டது, ஆனால் அவர் வந்து சேரும்வரை அந்தப் பிள்ளைக்கு இந்த நாட்டில் உன்னைத் தவிர வேறு ஆள் இல்லை. இதை அம்மா எத்தனை தரம் சொன்னார் என்று நான் எண்ணவில்லை. சொன்னதையெல்லாம் கேட்டுக்கொண்டுதான் இருந்தேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு முந்திய கிழமை அம்மாவை ஆஸ்பத்திரியில் வைத்துவிட்டு வீட்டுக்கு அனுப்பினார்கள். இனிப் பெரிதாகச் செய்ய ஒன்றுமில்லை என்று அந்த இளம் டொக்டர் பிள்ளை மிகவும் பதமாகச் சொன்னது. எவ்வளவு காலம் என்று நான் கேட்டதற்கு, குடும்பத்துக்குச் சொல்லிவையுங்கள் என்றது. அம்மா அதைக் கேட்டுக்கொண்டிருந்தார். காரில் வரும்போது, பெடியனுக்கு இப்ப ஒண்டும் சொல்லவேண்டாம், சுதாவுக்குப் பிள்ளை பிறக்கட்டும் என்றார். ஞாயிறு காலையில் தேநீர் குடிக்கும்போது, உன்னிடம் என்ன சொல்லப்போகிறார் என்பதையும் எனக்குச் சொல்லிக்காட்டினார். உடனே வரவேணும் என்றில்லை, சுதாவோடு நில், பிள்ளையைத் தூக்கிக்கொண்டு மூன்று பேருமாக வாருங்கள் என்று சொல்லப்போவதாகச் சொன்னார். நான் தலையாட்டினேன்.

மகன், நான் பயந்துபோயிருந்தேன். அதை நீ எப்படியாவது விளங்கிக்கொள்ளவேண்டும். விளங்கிக்கொண்டு மன்னிக்கவேண்டும் என்று கேட்கவில்லை, விளங்கினால் போதும். குளியலறையில் அவரைத் தூக்கி இருத்தும்போது, விழுத்திவிடுவேனோ என்று சுவரோடு சாய்ந்துகொள்வேன். அவர் கண்ணை மூடினால் நான் கிட்டப் போய் மூச்சைப் பார்ப்பேன். இந்த யூனிட்டின் சுவருக்குள் நானும் அந்தச் சாவும் மட்டும் இருக்கப்போகிறோம் என்று நினைத்து இரவில் எல்லா லைட்டையும் போட்டுவைப்பேன். எனக்கு நீ வேண்டியிருந்தது. வா என்று கேட்க வாய் வரவில்லை. சிட்னிக்குப் போகாதே என்று அத்தனை சண்டை பிடித்தவன், இப்போது எப்படி வா என்று கேட்பது?

அம்மா மைக்குக்குக் கிட்டக் குனிந்தார். நான் பொத்தானை அழுத்தினேன். அவருக்கு நாலு சொல்லுக்கு ஒருதரம் மூச்சு நிற்கும், அது உனக்கும் பழக்கம். "ராசா, எனக்கு முந்தி மாதிரி ஏலாது" என்றார். மூச்சு விட்டார். "நீ உடன வரவேணும்" என்றார். மூச்சு எடுக்க நிறுத்தினார். நான் கையை எடுத்துவிட்டேன்.

"எண்டில்லை" என்று அவர் சொன்னதை இந்த அறை மட்டும் கேட்டது. அதற்குப் பிறகும் அவர் பேசிக்கொண்டே இருந்தார். என் கை விசைப்பலகைக்கு மேலே அசையாமல் நின்றது, அவர் அதைக் கவனிக்கவில்லை. என் காதில் நீ. "சரி அம்மா, வாறன் அம்மா, இண்டைக்கே வாறன்" என்று உன் குரல் உடைந்தது. பிறகு சுதாவைக் கூப்பிட்டுக்கொண்டே எழுந்து ஓடினாய். அம்மா பேசி முடித்துவிட்டு என்னைப் பார்த்து, என்ன சொல்லுறான் என்று கேட்டார். "சரியாம்" என்றேன். அது பொய்கூட இல்லை. நீ சரி என்றுதான் சொன்னாய்.

விமான நிலையத்திலிருந்து நீ என் கைபேசிக்குத்தான் எடுத்தாய். சுதா என்ன சொன்னாள் என்று கேட்டேன். அத்தை கூப்பிட்டால் போகத்தானே வேணும், நாளைக்கே திரும்பிவிடுங்கள் என்று சொல்லி அனுப்பினதாகச் சொன்னாய். பின்னேரம் நீ வந்து கதவைத் திறந்தபோது அம்மாவின் முகத்தை நீ பார்த்தாய். மகிழ்ச்சி என்று நினைத்தாய். மகிழ்ச்சியும்தான். உன் தலையைத் தடவிக்கொண்டே என்னைப் பார்த்தார். நீ குளிக்கப் போனதும் கேட்டார்.

"நீங்கள் கையை எடுத்திட்டியள், என்ன?"

நான் ஓம் என்றேன்.

"என்ர சொல்லை வெட்டினது பரவாயில்லை. அவளின்ர மனிசனை எல்லோ பறிச்சுப்போட்டியள். நாளைக்கு விடிய அவனை அனுப்புங்கோ. ஏன் வந்தவன் எண்டதை நீங்களே அவனுக்குச் சொல்லுங்கோ, அவளுக்கும் நீங்களே சொல்லுங்கோ. நான் சொன்னால் திரும்பவும் அப்பனும் பிள்ளையும் கதையாமல் விட்டிடுவியள்."

அதுதான் அம்மா உன்னிடம் ஒன்றும் சொல்லாததற்குக் காரணம். வேறு ஒன்றும் இல்லை. நம் இரண்டு பேரையும் மறுபடி பிரிக்கப் பயந்து, தன் பெயரில் விழுந்த பழியை அப்படியே விட்டுவைத்தார்.

நான் உன்னை மறுநாள் அனுப்பவில்லை. டொக்டர் வருகிறார், பார்த்துவிட்டுப் போ என்றேன். அடுத்த நாள், ஒரு பகல் நில், நான் கொஞ்சம் நித்திரை கொள்ளுகிறேன் என்றேன். நீ நின்றாய். அம்மாவைத் தூக்கிக் குளிக்கவைத்தாய், அவருக்குப் பிடித்தமாதிரிப் புட்டுக் குழைத்து ஊட்டினாய். நான் பக்கத்து அறையில் பல மாதத்துக்குப் பிறகு அயர்ந்து தூங்கினேன். உண்மையைச் சொன்னால், அந்த நாட்கள் எனக்குச் சந்தோஷமாக இருந்தன. அதை நினைத்தால்தான் இப்போது என்னை நானே சகிக்க முடியவில்லை.

புதன்கிழமை மத்தியானம் சுதா தொலைபேசி எடுத்தாள். நாள் வரமுதலே வலி வந்துவிட்டது. நீ சட்டையைக்கூட ஒழுங்காகப் போடாமல் ஓடினாய். அம்மா அந்த நிலையிலும் சரக்குத்தூள் போத்தலை எடுத்து உன் பையில் வைக்கச் சொன்னார். நான் ஹனிபாவுக்குத் தொலைபேசி எடுத்தேன். அவரும் மனைவியும் போய் அவளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். பிள்ளை பிறந்தபோதும், இரத்தம் நிற்காமல் அவளைச் சத்திரசிகிச்சைக்குக் கொண்டு ஓடியபோதும் நீ ஆகாயத்தில் இருந்தாய். முன்பின் அதிகம் பழகாத ஒரு மனிசியின் கையைப் பிடித்துக்கொண்டு அவள் தன் உயிருக்குப் போராடினாள். பிழைத்தாள். பேத்தியும் சுகம். ஹனிபா இதையெல்லாம் தொலைபேசியில் சொன்னபோது அம்மா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் எல்லாம் நல்லபடி முடிந்தது என்று மட்டும் சொன்னேன்.

பிறகு அம்மா அதிகம் பேசவில்லை. மறுபடி ஆஸ்பத்திரிக்குப் போன பிறகு ஒருநாள், "சொல்லிட்டியளோ?" என்று கேட்டார். எதைப்பற்றி என்று சொல்லவில்லை. நான் சொல்லிவிட்டேன் என்றேன். என்ன சொன்னவள் என்று கேட்டார். பரவாயில்லையாம் என்றேன். அவர் கண்ணை மூடிக்கொண்டார். அந்தக் கிழமையே போய்விட்டார்.

செத்தவீட்டுக்கு நீ தனியாக வந்தாய். கைக்குழந்தை, ஆறாத உடம்பு என்று நீ எல்லாருக்கும் சொன்னாய். ஆனால் அவள் வர மறுத்துவிட்டாள் என்பதை எல்லாரும் உன் முகத்தில் பார்த்தார்கள். ஒரு அன்ரி என்னிடமே வந்து, இந்தியாப் பிள்ளையள் இப்படித்தான், மாமிக்கு ஒரு கண்ணீர் விட வரேல்லைப் பாருங்கோ என்றார். அப்போதாவது நான் வாயைத் திறந்திருக்கலாம். நான் ஓம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. சும்மா நின்றேன். சும்மா நின்றதை அவர்கள் ஓம் என்று எடுத்துக்கொண்டார்கள். உனக்கும் சுதாவுக்கும் முதல் பெரிய சண்டை அதில்தான் தொடங்கியது என்று நீயே பிறகு சொன்னாய். என் அம்மாவின் முகத்தைக் கடைசியாகப் பார்க்க வராதவள் என்று நீ. சாகிற நேரத்திலும் என் பக்கத்திலிருந்து உங்களைப் பிடுங்கிக்கொண்ட மனிசி என்று அவள். அந்தச் சரக்குத்தூளை அவள் திறக்காமலே குப்பையில் போட்டுவிட்டாள் என்று நீ சொன்ன ஞாயிறு, நான் காது கேட்கவில்லை என்று பாசாங்கு செய்து இணைப்பை வெட்டினேன்.

நீ அவளில் கோபப்படாதே. அவளுக்குத் தெரிந்தது 'வரவேணும்' வரைக்கும்தான். உனக்கும் அவ்வளவுதான். இரண்டு பேரும் ஒரு பாதி வசனத்தை வைத்துக்கொண்டு இவ்வளவு காலம் அடிபட்டிருக்கிறீர்கள், மிச்சப் பாதியை நான் வாயில் அடக்கிக்கொண்டு இங்கே ஞாயிறு தோறும் காலநிலை பேசிக்கொண்டிருந்தேன். அம்மாவுக்காகத்தான் செய்தேன் என்று கன காலம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். சாகிறவளுக்குப் பிள்ளையின் முகத்தைக் காட்டினேன் என்று. அது பொய். அம்மா உன்னைப் பார்க்க ஆசைப்பட்டார், ஆனால் அந்த ஆசையைவிடச் சுதாவின் தனிமை அவருக்குப் பெரிதாகத் தெரிந்தது. நான் எனக்காகச் செய்தேன். நான் தனியாக இருக்கப் பயந்து அவளைத் தனியாக விட்டேன்.

உனக்குப் புத்தி சொல்ல எனக்கு வாயில்லை. ஒன்று மட்டும் சொல்கிறேன், தகப்பன் என்றதால் அல்ல, இதில் அடிபட்டவன் என்றதால். அவள் பேசும்போது முடிக்கவிடு. கோபத்தில் பேசினாலும் முடிக்கவிடு. மூச்சு எடுக்கத்தான் நிறுத்துகிறாள், முடித்துவிட்டாள் என்று நினைத்துக்கொண்டு எழுந்து போய்விடாதே. அந்த அறையின் திறப்பை வீட்டுக்காரனிடம் திருப்பிக் கொடு. அவள் உள்ளே விடாவிட்டால் வாசலில் நில், பிள்ளையின் சத்தமாவது கேட்கும்.

உனக்கு எழுதுவதற்கு முதல் அவளுக்குத்தான் சொல்லவேண்டும் என்று தோன்றியது. அம்மா கேட்ட ஒழுங்கு வேறு, ஆனாலும் அதிகம் இழந்தவள் அவள். நேற்றுக் காலையில் தொலைபேசி எடுத்தேன். என் குரலைக் கேட்டதும், உங்க மகன் இங்க இல்லை மாமா என்றாள். அவளோடுதான் பேசவேண்டும் என்றேன். இங்கே எழுதியதையெல்லாம் அவளுக்குச் சொன்னேன், பொத்தானை, கையை, ஹெட்போனை, உன்னை நிற்கவைத்ததை, எல்லாவற்றையும். தொலைபேசியில் அவள் எப்போது வேண்டுமானாலும் குறுக்கே பேசியிருக்கலாம். என்னை முடிக்கவிட்டாள். பின்னால் பேத்தி எதையோ நிலத்தில் தட்டிக்கொண்டிருந்தாள்.

நான் முடித்த பிறகு, அத்தை முழுசா என்ன சொன்னாங்க என்று கேட்டாள். நான் சொன்னேன். இவ்வளவு காலத்துக்குப் பிறகும் ஒரு சொல்லும் மறக்கவில்லை. "உடன வரவேணும் எண்டில்லை ராசா. அந்தப் பிள்ளை தனிய, நீ அவளை விட்டு எங்கயும் அசையாதை. நான் செத்தாலும் பிள்ளை பிறந்த பிறகு வா."

அவள் அழுவாள் என்று நினைத்தேன். திட்டுவாள் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். பேத்தியைத் தூக்கிக்கொள்ளும் சத்தம் கேட்டது. பிறகு மிகவும் மெதுவாகச் சொன்னாள்.

"இது தெரிஞ்சிருந்தா, பிள்ளையத் தூக்கிட்டு அத்தை காரியத்துக்கு நான் வந்திருப்பேன் மாமா."

— அப்பா